கறுப்புத் திரையில் ஒரு பிள்ளையார் சுழி

கடைமடைக்குத் தண்ணீர் வந்த இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எழுத்தறிவு வகுப்பு ஆசிரியை வானதி அவர்களே, வாய்க்கால் பாசனச் சங்கத் தலைவர் அண்ணன் தியாகராசன் அவர்களே, வலங்கைமானில் இ-சேவை மையம் நடத்தும் அன்புத் தங்கை ஷமீரா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் இந்த வீரையனின் வணக்கம்!

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தத் தாள் நானே எழுதியது. எழுத்துகள் புதிதாக நடவுக்கு வந்தவன் நட்ட நாற்றைப்போல் கோணலும் மாணலுமாக நிற்கின்றன. நடுவில் நான் திணறினால், என் கையெழுத்தை நானே தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை மாதம். தூர்வாரும் வேலைக்குப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. பாசன அலுவலகத்தார் நம் வாய்க்காலின் வரைபடத்தைச் சங்கத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, மண் மேடிட்ட இடங்களைக் குறித்து அன்று மாலைக்குள் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்பாவிட்டால்? நம் கடைமடை இந்த ஆண்டும் விடுபடும். விடுபட்டால்? மேட்டூர் திறந்தாலும், கல்லணை திறந்தாலும், நம் வயலுக்குச் செய்திதான் வரும்; தண்ணீர் வராது!

நானும் தியாகராசன் அண்ணனும் ஷமீராவின் மையத்துக்கு ஓடினோம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, அந்தப் பெண்ணின் வலக்கையில் மாவுக்கட்டு! அண்ணன் சட்டைப்பையைத் தடவினார். "கண்ணாடிய வீட்லயே வச்சிட்டேன் வீரையா" என்றார். வானதி டீச்சர் வகுப்பில் சேரும்வரை, யார் எதைப் படிக்கச் சொன்னாலும் நான் சொல்லித் தப்பித்த வார்த்தை அது! அவர் சொன்னதோ உண்மை.

"இடக்கையால மவுஸ்தான் ஓட்ட முடியும். எழுத்தடிக்க நீங்கதான் உக்காரணும், ஐயா" என்றாள் ஷமீரா.

வந்த கோப்பைத் திறக்கும் மென்பொருளின் படமும் பட்டனும் உள்ள சன்னலைத் திறந்தால் அந்தப் பழைய கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. அதனால் கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னாள். பெரியோர்களே, அதைப் பார்த்ததும் என் நெஞ்சு நிறைந்தது! படம் இல்லை, பட்டன் இல்லை, பளபளப்பு இல்லை, வெறும் கரும்பலகை! எழுதினால் வேலை நடக்கும், எழுதாவிட்டால் நடக்காது. எழுத்துக்கு இவ்வளவு மரியாதை உள்ள இடத்தை நான் அதுவரை கண்டதில்லை!

வந்திருந்தது சுருக்கிய கோப்பு. சுருக்குவது என்றால் என்ன? அறுத்த வயலில் பரந்து கிடக்கும் வைக்கோலை மெஷின் உருட்டிக் கட்டுகிறதே, அதுதான். ஆனால் இந்தக் கோப்பில் ஒரு துரும்பும் சிந்தாது. அலுவலகத்தார் கட்டிய கட்டோ வேறு வகை. ஷமீராவின் மென்பொருளுக்கு அதை அவிழ்க்கத் தெரியவில்லை.

"அதுக்கு ஒரு ப்ளக்-இன் போடணும்" என்றாள்.

பயப்படாதீர்கள் தாய்மார்களே! டிராக்டர் ஒன்றுதான். கலப்பை மாட்டினால் உழும், பெட்டி மாட்டினால் பாரம் இழுக்கும். ப்ளக்-இன் அப்படி மாட்டும் கருவி. மென்பொருளின் கோப்புறைக்குள் அதை வைத்தாள். பொருந்தியதா என்று கேட்கக் கட்டளை உண்டு: ஏழு, இசட் என்று மென்பொருளின் பெயர், ஓர் இடைவெளி, ஐ. அடித்தேன். தெரியாது என்றது கம்ப்யூட்டர். மறுபடி அடித்தேன். தெரியாது! ப்ளக்-இன்தான் சரியில்லை என்று வேறொன்று இறக்கினாள். தெரியாது!

வெயில் சாய்ந்தது. "இந்த வருசமும் வயல்ல ஆடுதான் மேயும்போல" என்று அண்ணன் தலையில் கைவைத்தார்.

ஷமீரா குனிந்து பார்த்தாள். "ஐயா, வரிக்கு முன்னாடி இது என்ன சின்னக் கட்டம்? நான் சொல்லலியே! வைரஸா?"

"அது நான் போட்டது தாயி. பிள்ளையார் சுழி!"

எழுதத் தொடங்கினால் உ போடாமல் கை ஓடுமா? ஒவ்வொரு தடவையும் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி, பயபக்தியோடு ஓர் உ போட்டுவிட்டுத்தான் ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறேன்! கறுப்புத் திரையில் தமிழ் தெரியாமல் அது கட்டமாக விழுந்திருக்கிறது.

மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் ஷமீரா. "சாமிய மனசுல கும்பிட்டுக்குங்க ஐயா. இங்க மொதல்ல மென்பொருள் பேருதான் வரணும்."

என்ன அங்கே பெண்கள் பக்கம் குரல்? "மளிகைச் சீட்டுலயும் பாதி சுழிதான்!" என்கிறாள் என் மனைவி காளியம்மாள். மறுக்கவில்லை தாயே, மேடையில் விட்டுவிடு!

மனதுக்குள் கும்பிட்டேன். ஏழு, இசட், ஐ. மளமளவென்று பட்டியல் இறங்கியது. அதில் புது வகையும் இருந்தது! எக்ஸ் என்றேன், கட்டு அவிழ்ந்தது. அண்ணன் இடம் சொல்ல, ஷமீரா இடக்கையால் மவுஸ் பிடித்துக் குறித்தாள். படம் பெரிது, மின்னஞ்சல் சுமக்காது. ஏ என்றேன், சுருங்கியது. டி என்றேன், கட்டு பழுதில்லை, எல்லாம் சரி என்றது. அலுவலகம் மூடுமுன் போய்ச் சேர்ந்தது! பட்டியலில் நம் பெயர் ஏறியது, பொக்லைன் வந்தது, வாய்க்கால் ஆழம் கண்டது.

ஆற்றில் தண்ணீர் வந்தால் கடைமடைக்கு எப்போது வரும்? எல்லோருக்கும் பாய்ந்த பிறகு! ஊருக்கு எழுத்து வந்தது. நமக்கு எப்போது வந்தது? எல்லோரும் படித்த பிறகு! கடைசியில் வந்ததால் அது வேறு தண்ணீரா? கடைசியில் வந்ததால் அது வேறு எழுத்தா? இன்று காலை என் நாற்றங்காலில் இறங்கி நின்றேன். கணுக்காலுக்கு மேல் குளிர்ந்தது. அதே காவிரி! அதே காவிரி!

இன்னும் கைநாட்டு வைக்கும் தாய்மார்களே, விதை தெளித்த கையோடு வகுப்புக்கு வாருங்கள். வாய்க்காலில் தண்ணீர் சலசலக்க, அதைப் பார்க்க ஓடாமல் என் பேச்சைக் கேட்டீர்களே, அந்தப் பெருமனதுக்கு நன்றி சொல்லி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்!