மூலைக்கு மூலை

ராயபுரம் போகும் டிராமில் என் முன் பெஞ்சில் ஒரு புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சட்டையில் துறைமுக வேலைக்குப் புதிதாய்க் கொடுத்த பித்தளை வில்லை. குப்பத்து வீட்டைக் காலி செய்து ஒற்றை அறைக்குக் குடிபோகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அந்த அம்மாள் திடீரென்று சொன்னதைக் கேட்டுத்தான் நான் பேப்பரை மடித்தேன்.

“கட்டிலு வாணாம். கட்டுமரத்து மேலயே பட்துக்கலாம்.”

“இன்னாம்மே சொல்ற? மரத்த வூட்டுக்குள்ளயா?”

“தெனம் கரையில அவுத்துக் காயப் போடறதுதானே? கயித்த அவுத்தா நாலு கட்ட. வரிசையா போட்டு மேல பாய விரிச்சிக்கலாம். ஞாயித்துக்கெழம லீவு வுட்டா, கட்டிக்கினு கடலுக்குப் போய்ட்டு வா.”

“நா வித்துர்லாம்னு இருந்தேன்.”

“வித்துட்டு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு குந்தினு இருப்ப. அத யாரு பாக்கறது?”

“ரூமு நீளம் பத்தாதே.”

“நேத்தே கயிறு எடுத்துக்கினு போய் அளந்துட்டேன். மூலைக்கு மூல போட்டா அடங்கும். அம்மி வெளில கெடக்கட்டும்.”

அவர் வில்லையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“விக்கறேன்னது சும்மா. மரத்துக்கு எடம் வோணும்னு, காலீல நீ தண்ணிக்குப் போனப்ப, கட்டில தம்பிகிட்ட குடுத்தனுப்பிட்டேன். உங்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு.”

“தெரியும். நீ அந்தாண்ட போனப்பறம் நா தண்ணியோட வர்றப்ப, தம்பி தனியா தூக்க, அது வாசப்படில மாட்டிக்கினு இருந்துச்சு. கொடத்த எறக்கி வெச்சிட்டு நாந்தான் ஒரு பக்கம் தூக்கி வுட்டேன்.”