மூன்றாவது தட்டு

வரிக்குதிரை மீன்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு சார். காலையில் விளக்கைப் போட்டால் போதும், மளமளவென்று முட்டையிட்டுவிடும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தெரியாத ஜீவன்கள். ஓமலூர் ரோட்டில் இருக்கிற எங்கள் ஆய்வகத்தில் அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யாராவது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் ஆய்வகத்து ஆராய்ச்சி மாணவி யுவஸ்ரீ அப்படித்தான் இருந்தாள். அவள் ஆராய்ச்சி ஒரு புரதக் கைனேஸைப் பற்றியது. செல்லுக்குள் அது மேஸ்திரி மாதிரி. மற்ற புரதங்களைத் தட்டி எழுப்பி வேலைக்கு அனுப்பும். கருவில் அது சோம்பிக் கிடந்தால், சுரணை தரும் நரம்பு வளராது. அவள் தங்கை தீபிகாவுக்குப் பிறவியிலேயே அந்தக் குறை. கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டினாலும் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண். யுவஸ்ரீ மீன்முட்டையில் அந்தக் கைனேஸை முடக்குவாள். பிறகு ஒரு மருந்து போட்டு நரம்பு வளர்கிறதா என்று பார்ப்பாள்.

சோதனை எளிது. பல்குச்சி நுனியில் ஓர் இமைமயிரை ஒட்டி, மீன்குஞ்சைத் தொட வேண்டும். நரம்பு இருந்தால் துள்ளி ஓடும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். அது என் இமைமயிர்தான்; அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. குஞ்சுகளை விட்டிருக்கிற கண்ணாடித் தட்டுகளில் எதில் எந்தக் குஞ்சு என்று தொடுகிறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் ஆசை கண்ணை மறைக்குமாம். அதனால் தட்டுகளுக்கு ரகசிய எண் போடுவதை என்னிடம் விட்டிருந்தாள். "உங்களத்தான் நம்பறனுங்க, சரவணக்குமார்" என்பாள்.

மருந்து போட்டது மூன்றாவது தட்டு. ஒவ்வொரு முறையும் அதிலிருந்த குஞ்சு சும்மாவே கிடந்தது, கடைசியில் எண்ணைப் பிரித்துச் சொன்னதும் அவளும் அழுதாள். ஒருநாள் அதைக் கொட்டிவிட்டு, கைனேஸை முடக்காத நல்ல குஞ்சுகளை விட்டேன். அவ்வளவுதான் சார்.

அவள் தொட்டாள், குஞ்சு துள்ளியது. அது மருந்துத் தட்டுதான் என்று எண்ணைப் பிரித்துச் சொன்னேன். சுழல் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றி, "ஓடுது பாருங்க, ஓடுது பாருங்க" என்றாள். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுபடி செய்து பார்க்க வேண்டும் என்றாள். மறுபடியும் துள்ள வைத்தேன். ஆய்வகம் கல்யாண வீடாகிவிட்டது. எல்லோருக்கும் நான்தான் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவள் வீட்டில் விருந்து. தீபிகாவின் காலில் ஒரு புண் இருந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "மீனுல வந்தது மனுசருக்கு வர வருசக்கணக்காவும்மா. விரல எடுத்தரலாம்" என்றாள் யுவஸ்ரீ. அவள் அடுப்படிக்குப் போனதும் அவள் அம்மா கலைமணி என் பக்கத்தில் வந்தார்.

"நெசமாலுமே மருந்து வந்துருமுங்களா, சாமி?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல உங்களால் முடியுமா சார்? "வந்துருங்கம்மா. கொஞ்சம் பொறுங்க, விரல எடுக்காதீங்க. யுவஸ்ரீகிட்ட ஆசுபத்திரியில தேதி தள்ளிட்டாங்கன்னு சொல்லீருங்க" என்றேன். அந்த அம்மா பூரித்துப்போய் என் தட்டில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.

பிறகு தீபிகா பாட்டுப் போட்டு ஆடினாள். அக்காவையும் இழுத்துவிட்டாள், அம்மாவையும் இழுத்துவிட்டாள். சிரித்துச் சிரித்து மூவருக்கும் மூச்சு வாங்கியது. தீபிகா கால் வைத்த இடமெல்லாம் சிவப்பாக ஒரு தடம் விழுந்ததை நான் மட்டும் பார்த்தேன். சொன்னால் ஆட்டம் நின்றுபோகும். எழுந்து போய்ப் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

போன வாரம் யுவஸ்ரீ ரகசிய எண்களைத் தானே போட்டுப் பார்த்தாளாம். மருந்து போட்ட குஞ்சு அசையவில்லையாம். அதற்குள் தீபிகாவுக்குச் சீழ் எலும்புக்குள் இறங்கி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆமாம் சார், தட்டை மாற்றியது நான். விரலை எடுக்க விடாமல் செய்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: நான் யாருக்கும் வலி கொடுக்கவில்லை. வேண்டுமானால் தீபிகாவையே கேட்டுப் பாருங்கள்.