வலது கையுறை

மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைக்க முடியுமா சார்? நீங்கள் கொடுத்த தாள் நனைகிறது. நேற்றிலிருந்து என் உள்ளங்கை வேர்த்தபடியே இருக்கிறது. எனக்கு இப்படி வந்ததே இல்லை. அவனுக்குத்தான் வரும்.

அவனுக்கு நெருக்கமானவன் யார் என்று நீங்கள் கேட்டபோது வகுப்பே என்னைக் காட்டியதாம். சரிதான். ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்சு. நேற்று கால்பந்து ஆட்டத்தில் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

அவன் கை எப்போதும் ஈரமாக இருக்கும். பரீட்சைத் தாளில் மை பரவிவிடும். அவன் தொட்ட பந்தைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் வாங்குவார்கள். தினமும் காலையில் அவனுக்கென்று நான் ஒரு கைக்குட்டை கொண்டுவருவேன். அம்மா தேய்த்து, மூலையில் நீல நூல் போட்டுத் தருவாள்.

"இந்தாடா, தொடச்சுக்கோ."

"நீ மட்டும் இல்லேன்னா நான் என்னடா பண்ணுவேன்?"

இப்படிச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவான். அவன் அதைச் சொல்லாத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

பையன்கள் அவனைத் தவளை என்பார்கள். அவன் உள்ளே வந்தால் கடைசி பெஞ்சிலிருந்து தொண்டைக்குள் ஒரு சத்தம் வரும். "சும்மா கெடங்கடா" என்று அதட்டுவது நான்தான். அதற்காக ஒருவனோடு சண்டை போட்டு உதடு கிழிந்தது. நீங்கள்கூட அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள்.

அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான். திட்டம் எதுவும் இல்லை. வகுப்பில் சேர்ந்த புதிதில் சும்மா சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். அன்றுதான் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், வேறு யாரும் இடம் கொடுக்கவில்லை. பிறகு பெயர் மங்கும்போதெல்லாம் எவன் காதிலாவது போட்டுவைப்பேன். எப்போதாவது ஒரு தடவை போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நான் ஒருநாளும் சேர்ந்து சிரித்ததில்லை. படுக்கும் முன் கடவுளிடம் அவனுக்காக வேண்டிக்கொள்ளாமல் இருந்ததும் இல்லை.

இந்த வருஷம் விளையாட்டு வாத்தியார் தன்னுடைய பழைய கையுறைகளை அவனுக்குக் கொடுத்தார். ஓட்டையை அவரே தைத்திருந்தார்.

"கை ஈரமா இருந்தா என்னடா? இதை மாட்டிக்கிட்டு கோல்ல நில்லு. பந்துக்கு என்ன தெரியப்போவுது?"

சின்ன உதவிதான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அவனுக்குப் பூட்டு என்று பெயர் வந்துவிட்டது. "பின்னாடி பூட்டு இருக்கான்ல, நீ தைரியமா முன்னாடி ஓடுடா" என்று மைதானத்தில் கத்துவார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் அவனும் அவர்களோடு ஓடிவிடுவான். ஒருநாள் காலையில் கைக்குட்டையை நீட்டினேன்.

"வேணாம்டா, எங்கிட்ட இருக்கு" என்றான், சிரித்துக்கொண்டே.

அன்று முதல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். "காலுல சக்கரமா கட்டியிருக்கு உனக்கு?" என்று அம்மா கேட்டாள்.

நேற்று கடைசி நிமிடத்தில் ஆட்டம் சமநிலையில் இருந்தது. எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. நான் வலைக்குப் பின்னால் நின்றேன். அங்கேதான் நிற்க வேண்டும் என்று இல்லை. அவன் குனிந்து, கைகளை விரித்து, பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தொண்டைக்குள் அந்தச் சத்தத்தை எழுப்பினேன். மெதுவாகத்தான். அவன் திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். பந்து உள்ளே போய்விட்டது.

பக்கத்தில் நின்ற வெளிப்பள்ளிப் பையன்கள் அதை வேடிக்கையாகப் பிடித்துக்கொண்டார்கள். மாசக்கணக்கில் மறந்திருந்த நம் பையன்களுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஆரம்பித்தது யார் என்று அந்தப் பள்ளிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார். அவர்கள் தொடர்ந்தார்கள், அவ்வளவுதான்.

உடை மாற்றும் அறையின் ஜன்னல் கண்ணாடியை அவன் குத்தி உடைத்த சத்தம் எனக்குக் கேட்டது. மணிக்கட்டில் நரம்பு அறுந்திருக்கிறது, இனி அந்தக் கை எதையும் இறுக்கிப் பிடிப்பது சந்தேகம் என்கிறார் டாக்டர். ஆம்புலன்ஸில் நீங்கள் அவனிடம், யார் அப்படிக் கத்தியது என்று கேட்டீர்கள். "கவனிக்கலை சார்" என்றான். அப்போது கையுறை கழற்றிய அவனுடைய இடது கையை நான்தான் பிடித்திருந்தேன். இரண்டு கையும் நனைந்திருந்தன. ஈரம் யாருடையது என்று தெரியவில்லை.

நர்ஸம்மா வலது கையுறையை வெட்டி எடுத்தபோது உள்ளே மடித்துவைத்த கைக்குட்டை ஒன்று இருந்தது. மூலையில் நீல நூல். எங்கிட்ட இருக்கு என்று அவன் சொன்னது அதைத்தான். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தீர்கள். ராத்திரி முழுக்க அந்தத் தோள் எனக்குக் கனத்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் இத்தனை வருஷமாக நினைத்தது சரி என்றுதானே அந்தக் கைக்குட்டை சொல்கிறது.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நேற்றிலிருந்து அணி மொத்தமும் விளையாட்டு வாத்தியாரோடு நிற்கிறது. வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகமாட்டேன் என்கிறார்களாம். நீங்கள் சொன்னால் கேட்பார்கள், அனுப்பிவிடுங்கள். நான் சலவைக் கைக்குட்டை எடுத்து வைத்திருக்கிறேன், போக வேண்டும். பாவம் சார், அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?