சிந்து கொண்டுவந்த வரிக் கடிதம்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் யுவனேஸ்வரி அம்மையார் அவர்களே, முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் இரத்தினசிங்கம் ஐயா உள்ளிட்ட பெரியோர்களே, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் சாப்பாட்டுப் பையுமாக வந்திருக்கும் தாய்மார்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்த தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கணக்காளன் நான். கண்ணீரைக் காட்டிலும் காகிதத்தை அதிகம் பார்த்தவன். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆதவனும் சிந்துவும் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து இங்கே பாபகூராவுக்குக் குடிவந்தவர்கள். ஆதவன் மென்பொருள் பொறியாளர். சிந்துவுக்குப் பாட்டனி டவுன்ஸில் ஒரு துணிக்கடையில் வேலை. இரண்டு வயதில் ஒரு மகள். பெயரை மாற்றாமலே சொல்லுங்கள் என்றார் சிந்து. இந்த அரங்கில்தான் இருக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இரத்தினசிங்கம் ஐயா ஏதோ கேட்கிறார். "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே வரிப் படிவம் போடேலாதோ?" ஏலாது ஐயா. இந்த நாட்டில் கணவன் வரி கணவனுக்கு, மனைவி வரி மனைவிக்கு. ஆனால் பிள்ளைக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு மட்டும் இருவர் வருமானத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். வருடத் தொடக்கத்தில் நாம் ஒரு மதிப்பீடு சொல்ல வேண்டும். சிந்து, கணவர் சொன்ன சம்பளத்தை நம்பிச் சொன்னார்.

வருடம் முடிந்து வரித்துறையின் கடிதம் வந்தது. அதில் ஆதவனின் வருமானம் வெகுவாகக் குறைந்திருந்தது. பாபகூரா நூலகத்தில் சனிக்கிழமைதோறும் நான் இலவச ஆலோசனைக்கு உட்காருவேன். அங்கே வந்தார் சிந்து.

"அண்ணா, என் வீட்டுக்காரர் சம்பளத்தைத் தப்பாப் போட்டிருக்காங்க. ஒரு மணி நேரம் போன்ல சண்டை போட்டுட்டேன். ஒரு புகார் எழுதிக் குடுங்க."

சம்பளம் போடும்போதெல்லாம் முதலாளியே விவரத்தை வரித்துறைக்கு அனுப்பிவிடுகிறார். அதில் இவ்வளவு பிழை வருமா? எனக்குச் சந்தேகம் தட்டியது. சொல்லலாமா? சொல்ல எனக்கு உரிமை உண்டா? கணவர் இல்லாமல் அவர் கணக்கைத் திறக்க முடியாது, அடுத்த வாரம் அழைத்து வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வந்தார் ஆதவன். கணினியை நான் திறக்கும் முன்பே அவர் வாய் திறந்தார்.

"லெட்டர் சரிதான், சிந்து. போன ஜூலையிலயே ஆபீஸ்ல என்னை எடுத்துட்டாங்க. இப்ப ஒரு கிடங்குல பெட்டி அடுக்குறேன்."

ஆம், அவையோரே. புது வேலையின் சோதனைக் காலம் முடியும் முன்பே வேலை போயிருந்தது. தினமும் நகர மையத்துக்குப் போவதாகச் சொல்லி ரயில் ஏறியவர், பாதி வழியில் இறங்கிக்கொண்டிருந்தார். தன் துறையிலேயே வேறு வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று வாரம் வாரமாக வாயை மூடியிருந்தார்.

சிந்து கடிதத்தை நான்காக மடித்தார்.

"வேலை போனதுக்கு ஒண்ணும் சொல்லிருக்க மாட்டேன். ஆனா முன்பின் தெரியாத ஒரு ஆபீசர்கிட்ட, என் வீட்டுக்காரர் எங்கிட்ட பொய் சொல்ல மாட்டார்னு சொன்னேன்."

மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆதவன் நூலகம் மூடும்வரை அப்படியே அமர்ந்திருந்தார்.

மூன்றாம் சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். சிந்துவின் கோபம் தீர்ந்திருக்கவில்லை. புது வருட மதிப்பீட்டுக்காக, சம்பளம் எவ்வளவு என்று ஆதவனிடம் கேட்டார். ஆதவன் தொகையைச் சொல்லவில்லை. சம்பளச் சீட்டுகளைக் கைபேசியில் திறந்து அவர் முன்னால் வைத்தார். சிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்து, "எழுதுங்க அண்ணா" என்றார்.

அப்போது தெரிந்தது இன்னொன்று. சம்பளம் அதிகம் என்று சொன்னதால், வருடம் முழுவதும் அவர்கள் மகளுக்கு வரவேண்டிய உதவி குறைந்தே வந்திருந்தது. மானத்தைக் காக்க மறைத்தார் தந்தை. மகளுக்கு உரியதல்லவா குறைந்தது? விடுபட்டது பிறகு வந்து சேர்ந்தது. ஆதவன் இன்னும் அந்தக் கிடங்கில்தான் வேலை பார்க்கிறார். வேலைக்கான விண்ணப்பங்களை இப்போது சிந்துவும் சேர்ந்து படிக்கிறார்.

ஊர் மாறுவோம், உத்தியோகம் மாறுவோம், உயர்வோம், ஒருநாள் இறங்கவும் செய்வோம். அதில் என்ன இழிவு? உழைத்து உண்பதில் என்ன வெட்கம்? ஒரே கூரையின் கீழ் வாழும் இருவர், ஒருவர் நிலையை ஒருவர் அரசாங்கக் கடிதத்திலா அறிந்துகொள்வது? அதற்கு முன்பே பேசுங்கள். வாய் விட்டுப் பேசுங்கள். வேலை போன அன்றே பேசுங்கள்.

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கும், அழைத்த சங்கத்துக்கும், தங்கள் கதையைத் தந்த அந்த இருவருக்கும் நன்றி பாராட்டி, அனைவரையும் வணங்கி அமர்கிறேன்.