அன்றைக்கு யார் பாடு

இந்த வருஷம் இறால் பரவாயில்லை, மேடம். முகத்துவாரம் அடைபடாமல் இருந்ததால் ஏரிக்குள் நல்ல தண்ணீர் ஏறியது. ஊர்த் தலைவனாக இருப்பவனுக்கு அதுதான் முதல் நிம்மதி. வலை நிறைந்தால் ஊரில் சண்டை குறையும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. கோயிலில் சீட்டு எடுத்து, இந்த இடம் இன்றைக்கு இன்னாருக்கு என்று முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை கட்டக் கோல் ஊன்ற மாட்டான்.

அர்ஜுனன் என் பங்காளி. நல்லவன். அதுதான் அவனிடம் இருந்த கோளாறு. அகதி முகாமிலிருந்து தானியேல் என்ற இலங்கை மன்னார்க்காரனைக் கூலிக்குக் கூட்டி வந்தான். கூலி கொடுத்தோமா, அனுப்பினோமா என்று இல்லாமல், அவனுக்கும் ஒரு பாடு வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றான்.

“அவனும் மீன் புடிக்கிறவன்தானே. ஒரு பாடு குடுத்தா ஊருக்கு இன்னா கொறஞ்சிடும்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டான். ஒருவன் கூடினால் எல்லாருக்கும் முறை தள்ளிப்போகும். அது அவன் மண்டையில் ஏறவில்லை, பாவம்.

அடுத்த வாரம் விடியற்காலையில் அர்ஜுனன் தானியேலின் வலையை எடுத்துக்கொண்டு தனியாக வந்து, கீழண்டைப் பாட்டில் கோல் ஊன்றினான். ஊன்றிக் காட்டினால்தான் ஊருக்குப் புரியுமாம். படகு தள்ளும் கழி என் கையில் இருந்தது. முதல் அடி கோபத்தில் விழுந்தது. இரண்டாவதை யோசித்துத்தான் அடித்தேன். அவனைத் தானியேலின் வலையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வேறு வலை அங்கே இல்லை.

போலீஸ் வந்து, யார் வலை என்று கேட்டது. தானியேல் வலை என்றார்கள். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அதோடு விசாரணை முடிந்தது. அன்றைக்கு யார் பாடு என்று கேட்டிருந்தால் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். கேட்காததைச் சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

பிறகு தானியேலின் மனைவி ரெஜினா என் வீட்டுக்கு வந்தாள். ஜாமீன் கிடைத்துவிட்டது, சொத்துள்ள உள்ளூர்க்காரர் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், கொலைக் கேஸ் என்று எல்லாரும் ஒதுங்குகிறார்கள் என்று அழுதாள். “அவர் ஒண்டும் செய்யேல்லை, அண்ணை. உங்களுக்குத் தெரியும்தானே” என்றாள். எனக்குத் தெரியாமல் இருக்குமா? மனசு கேட்கவில்லை. நானும் போட்டேன், என் மைத்துனன் முத்துவையும் போட வைத்தேன்.

அவள் புதுச் சட்டை வாங்கிக்கொண்டு சிறை வாசலில் நின்றாள். நானும் துணைக்குப் போயிருந்தேன். தானியேல் வெளியே வந்தான். வேன் தயாராக இருந்தது. வெளிநாட்டுக்காரன், கொலைக் கேஸ் வேறு, ஆகையால் சிறப்பு முகாம் என்றார்கள். சட்டை அவள் கையிலேயே இருந்தது.

கோர்ட் அவனை விட்டுவிட்டது, அரசாங்கம் அவனை வைத்துக்கொண்டது. இரண்டு பேர் வாக்கும் பொய்க்கவில்லை பாருங்கள், இந்த நேர்த்தி எங்கள் ஊர்க்கூட்டத்துக்கு வராது. முகாமில் பூட்டு உண்டு, காவல் உண்டு, ஆனால் அது சிறை இல்லை. அவன் சிறையில் இருக்கிறான் என்று யாராவது சொன்னால் நானே திருத்துவேன். அவனை வெளியே விடலாமா என்று அதிகாரிகள் விசாரிக்க வந்தபோதெல்லாம், ஊர் கொதித்துப்போயிருக்கிறது, வந்தால் அவன் உயிருக்கு ஆபத்து என்றேன். அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு இன்ஸ்பெக்டராக மாற்றலாகி வந்தீர்கள். நீங்கள் காட்டூர்க்காரர், வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும் வீட்டில் பிறந்தவர். வந்ததும் ஊர் முன்னால் என்னிடம், “அன்னிக்கு அந்த எடம் யார் மொறை?” என்று கேட்டுவிட்டீர்கள்.

என் பாடு இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் ஊரே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. கோயிலில் எடுத்த சீட்டை இல்லை என்று சொன்னவனுக்கு அப்புறம் ஏரியில் இடம் கிடையாது, அவன் பிள்ளைகளுக்கும் கிடையாது. கொலைக்காவது ஜாமீன் உண்டு.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு என் பாடு. அர்ஜுனனை அடித்துக் கொன்றது நான்தான்.

என் ஜாமீனுக்கு நீங்கள் ஆட்சேபம் சொல்லக் கூடாது, மேடம். சொந்த வீடு இருக்கிறது, தை மாதம் பாடு வருகிறது, நான் எங்கே ஓடப்போகிறேன்? அதோ, வாசலில் ரெஜினா அந்தச் சட்டையோடு வந்து நிற்கிறாள். இந்தப் பரபரப்பில் அவளும் ஏதாவது கேட்பாள். சமாதானம் சொல்லி அனுப்பிவிடுங்கள். அவள் புருஷனுக்குத்தான் எப்போதோ ஜாமீன் கிடைத்துவிட்டதே, இனி அவளுக்கு என்ன குறை?