பொசுக்குனு நின்னுடுது

— இதுவும் பொசுக்குனு நின்னுடுது, எஸ்கில். கழட்டு. அடுத்ததை மாட்டு.

— அம்மா தாயே, மாரித், என் கடையில கிடாருக்கு எதிரொலி குடுக்கற ரிவெர்ப் பெடல்ல பாதியை மாட்டிக் கழட்டியாச்சு. ஒரு வாய் காபி குடிச்சுட்டு வாசி.

— காபியும் வேணாம், ஒரு எழவும் வேணாம். சனிக்கிழமை மேடை. அதுக்குள்ள என் சத்தம் சரியாகலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு ஹெல்கே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான்.

— இத்தனை வருஷமா உன் பக்கத்துல டிரம் அடிக்கறவன், அவனா? என்னதான் குறையாம் அவனுக்கு?

— எதிரொலி ஜாஸ்தியாம். என் கிடார் சேறு மாதிரி கொழகொழன்னு கேக்குதாம். கூட்டினாத்தானே எனக்கே கேக்குது! தேவாலயத்துக்குள்ள வாசிச்ச மாதிரி மிதந்து மிதந்து அடங்கணும்டா. இதெல்லாம் மூஞ்சில கதவைச் சாத்தற மாதிரி அடங்குது.

— நிதானம், நிதானம். இந்தா, ஸ்பிரிங் சத்தம் தர்ற பெடல்.

— அய்ய, வறட்டு சத்தம். வேணாம்.

— போன வருஷம் இதைக் கட்டிப் பிடிச்சு முத்தமே குடுத்த.

— போன வருஷம் எனக்குப் புத்தியில்ல. அந்த நீலத்தைக் குடு... ம்ஹூம். இதுவும் அதே கதை. இப்பல்லாம் ஒருத்தனுக்கும் பெடல் செய்யத் தெரியல. எல்லாம் குப்பை.

— எதிரொலியைக் கூட்டற குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பி வச்சிருக்கியே, பாத்தியா?

— அப்பவும் பத்தலங்கறேன்!

— ஆமா, ஹெல்கே சிம்பலை அந்த மொத்து மொத்தறானே, காதுல ஏதாவது வச்சுக்கறியா நீ?

— தக்கையா? காதை அடைச்சுக்கிட்டு எவளாவது கிடார் வாசிப்பாளா? சும்மா தொணதொணக்காத. நான் கிளம்பறேன், மழை விட்டாப்புல இருக்கு.

— மழை விட்டுச்சா? இந்தப் பின்னறையில ஜன்னல்கூட இல்ல, எப்படிச் சொல்ற?

— சத்தமே இல்லையே. அதான்.

— சத்தமே இல்லையா?

— என்னடா அப்படிப் பாக்கற?

— தலைக்கு மேல தகரக் கூரையில மழை பொடிப்பொடியாத் தட்டிக்கிட்டேதான் இருக்கு, மாரித்.

— சும்மா சொல்லாத.

— சரி, விடு. கிடாரைக் கீழ வைக்காத. கண்ணை மூடிக்கோ. ஒரே ஒரு சுரம் தட்டு. அது சுத்தமா அடங்கினதும் கையைத் தூக்கு.

— பள்ளிக்கூடப் பிள்ளையா நான்?

— எனக்காக. ஒரே தடவை.

— உன்னோட பெரிய ரோதனை. இந்தா, தட்டிட்டேன்... ம்... போச்சு. கையைத் தூக்கியாச்சு. பாத்தியா, நான் சொல்லல? பொசுக்குனு நின்னுடுச்சு. இப்பவாவது ஒத்துக்கறியா?... ஏய். வாயைத் திறயேன். எஸ்கில், கண்ணைத் திறக்கட்டுமா?

— கொஞ்சம் இரு, மாரித். அது இன்னும் அடங்கல.