பாசிக்கு வீடு மாற்றியவள்

வெள்ளவத்தையில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். மூத்தவர் பெட்டிக்கே கேட்கும்படி சொன்னார்:

“என்ட மகள் கனடாவில கடற்பாசிக்கு வீடு மாத்திக் குடுத்தவள்.”

“பாசிக்கோ அக்கா?”

“ஓம். கெல்ப் எண்டு, தென்னை உயரத்துக்கு வளருற பாசி. தண்ணி இழுவை கூடின இடத்தில இலை ஒடுக்கமா, தட்டையா இருக்குமாம். அமைதியான குடாவில அகலமா, ஓரமெல்லாம் சுருக்கு வச்ச மாதிரி. ரெண்டும் வேற வேற இனம் எண்டு அவளின்ட புரொபசர் சொன்னவர். இவள் ஒத்துக்கொள்ளேல்ல. அந்தக் குளிர்த் தண்ணியில இறங்கி, குடாவில நிண்டதைக் கொண்டுபோய் இழுவைக்குள்ள கட்டினவள்.”

“பிறகு?”

“புதுசா வளந்த பக்கம் ஒடுக்கமா வந்திட்டுது. ஒரே இனம்தான்! புரொபசரே எழும்பி நிண்டு கை தட்டினவராம்.”

“அவளுக்கு நீந்தத் தெரியுமோ?”

“அங்க போய்த்தான் பழகினவள்.”

தெஹிவளை வந்தது. அவர் எழுந்து சேலையைச் சரிசெய்தபடி சொன்னார்:

“எங்கட வீட்டு முன்னாலயே கடல். கால் நனைக்கக்கூட நான் விடேல்ல. நல்ல காலம், அங்க போய் என்ட சொல்லுக் கேக்காம இறங்கினவள்.”